மரகதம் படித்த சிவப்பு எண்

எங்கள் திருநின்றவூர் குடியிருப்பின் மாடி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சுதா தென்காசிப் பக்கத்துப் பெண். அம்பத்தூரில் ஏதோ கணினி நிறுவனத்தில் வேலை. லிஃப்ட் வராமல் நின்ற ஒரு காலையில், ரிட்டையர் ஆகும் முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். எடை மேடைக்கும் கணினிக்கும் நடுவே ஒயர் இழுக்கிற வேலை என்றேன்.

"அட, சீரியல் போர்ட்டா அங்கிள்? எங்க ஃபேக்டரி புராஜெக்ட்ல இப்பவும் அது வருது. ஒரு வரி கமாண்ட் அடிச்சா லைப்ரரி தானா வந்து உக்காந்துக்கும். உங்க காலத்துல எப்படி இன்ஸ்டால் பண்ணுவீங்க? எழுதுங்களேன், ஜாலியா இருக்கும்."

எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆள் இல்லை. பாடியில் டிவி மெக்கானிக்காக இருந்தேன். பாஸ்கர் சார் வீட்டு டிவியைப் பழுது பார்க்கப் போனபோது, நான் சால்டரிங் வைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கம்ப்யூட்டரும் ஒரு டிவிதான் ராஜா. என்ன, அது திருப்பிப் பேசும். என்கூட வந்துடு" என்றார். போய்விட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கு ஒரு மாடி அறை. எடை மேடைகளுக்கு மென்பொருள் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். எழுதுவது அவர். கொண்டுபோய்ப் பொருத்துவது நான்.

சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட். வாடிக்கையாளர் கத்தினால் ஒரு பெப்பர்மின்ட்டை நீட்டுவார். கத்துகிற ஆள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு எப்படித் தொடர்ந்து கத்துவது? எல்லாரும் அவருக்கு ராஜா, இல்லாவிட்டால் அம்மா. எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார். பாதி நேரம் உண்மையாகவே பார்த்தும்விடுவார். என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவிக்கு முன்னால் வந்து நின்றவர் அவர். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலை எப்படி என்றால், லாரி மேடையில் ஏறும். மேடைக்கு அடியில் உள்ள உணரிகள் எடையை ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்பும். இண்டிகேட்டர் என்போம். அதில் எடை சிவப்பு எண்ணாக எரியும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கணினியின் முதுகில் உள்ள ஒன்பது ஊசி சாக்கெட்டில் செருக வேண்டும். அதுதான் சீரியல் போர்ட். கேபிளுக்குள் எத்தனை ஒயர் இருந்தாலும் நமக்கு வேண்டியது மூன்று. சார் சொல்லுவார்: "ஒருத்தன் பேசணும், ஒருத்தன் கேக்கணும், ரெண்டு பேருக்கும் நிக்கறதுக்கு ஒரே தரை வேணும். குடும்பமும் அதேதான் ராஜா." இரண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் திரையில் எடைக்குப் பதிலாகப் பேய் எழுதிய மாதிரி ஏதோ வரும்.

அந்தப் போர்ட்டில் காது வைத்துக் கேட்கிற பகுதியை நாமே எழுதுவது பெரும்பாடு. அதற்கென்று யாரோ முன்பே எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளைக் காம்பொனென்ட் லைப்ரரி என்ற பெயரில் ரெடிமேடாக விற்றார்கள். புரோகிராம் எழுதும் மென்பொருளை முதலில் ஏற்றி, பிறகு இந்த சிடியைப் போட்டு, கேட்கிற இடத்திலெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால், கருவிப் பெட்டியில் குட்டியாக ஒரு தொலைபேசிப் படம் வந்து உட்காரும். அதை இழுத்து நம் புரோகிராமில் வைத்தால் போதும், எடை பேச ஆரம்பித்துவிடும்.

எங்களிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கியது இல்லை. சோதித்துப் பார்க்கத் தரும் இலவசப் பிரதி. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புரோகிராம் எழுதும் மென்பொருள் அதே கணினியில் திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். எழுதுகிறவன் மேஜையில் ஓடும், வாடிக்கையாளர் மேஜையில் ஓடாது. ஓட வேண்டுமென்றால் வாங்க வேண்டும். நியாயம்தான்.

சார் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக எழுதும் மென்பொருளையே ஒவ்வொரு வாடிக்கையாளர் கணினியிலும் ஏற்றச் சொன்னார். காலையில் அதை முதலில் திறந்து, சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, அப்புறம்தான் எடை புரோகிராமைத் திறக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன். "வாட்ச்மேன் தூங்கலாம் ராஜா, வீட்டை விட்டுத்தான் போகக் கூடாது."

இது டிரையல் பிரதி என்று ஒரு எச்சரிக்கை திரையில் வரும். அது வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாதென்று, எந்தத் தகவல் வந்தாலும் விழுங்கிவிட்டு மேலே போ என்று புரோகிராமில் எழுதிவிட்டார். ஆகவே வாட்ச்மேன் இல்லாவிட்டால் சத்தமே வராது. கணினியை அணைத்துப் போட்டாலும், கடைசியாகப் பதிவான எடையைத் திரை அப்படியே காட்டிக்கொண்டு நிற்கும்.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையா ஆயிடும் சார்" என்றேன் ஒருநாள்.

"சேலை நல்லாத்தானே இருக்கு ராஜா? எடுத்துக்கோ" என்று பெப்பர்மின்ட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்பட ஆலை. பழைய இரும்பு லாரி லாரியாக வரும், உருக்கி வார்ப்பார்கள். அங்கே எடை மேடை ஆபரேட்டர் மரகதம். முத்தாபுதுப்பேட்டைப் பெண். அவள் அம்மா நாற்று நட்ட நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு, இதே ஆலையில் பெருக்குகிற வேலைக்கு வந்தவர். மகள் பிளஸ் டூ முடித்து, டைப்பிங் படித்து, கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே முற்றத்தைப் பெருக்குகிற அம்மா, அந்தக் கண்ணாடிக்கு எதிரே வரும்போது மட்டும் துடைப்பத்தை நிறுத்தி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இந்தக் கதை அந்த நாற்காலியைப் பற்றியது.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. லாரி ஏறும். ஆபரேட்டர் சிவப்பு எண்ணை உரக்கப் படிக்க வேண்டும், நான் திரையைப் படிப்பேன். இரண்டும் ஒத்தால் வேலை முடிந்தது. மற்ற இடங்களில் இதை ஒப்புக்குச் செய்வார்கள். மரகதம் மட்டும் லாரி ஆடி அடங்கும்வரை காத்திருந்து, எண் நின்ற பிறகுதான் படிப்பாள்.

"இன்னா யக்கா, எண்ணிக்கினே கீறே? இரும்புக்குக் கால் மொளச்சு ஓடிடுமா?" என்பார் லாரி ஓட்டுகிற முனுசாமி.

"இரும்பு ஓடாது நைனா. நீதான் க்ளட்ச்சுல காலை வெச்சிக்கினு முன்ன பின்ன ஆட்டறே. எறங்கி நில்லு, அப்பால படிக்கறேன்."

முனுசாமி சிரித்துக்கொண்டே இறங்கி, அவளுக்கும் சேர்த்து டீ சொல்லுவார். இந்த டீயைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிறகு அது சாட்சிக் கூண்டு ஏறியது.

வாட்ச்மேன் விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. "இதை முதல்ல தொறக்கணும், மூடக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். சார் அதற்கு மேல் சொல்ல விடமாட்டார். அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை.

அக்கா மகளுக்குக் காது குத்து என்று லீவு எடுத்தாள். அன்று மாற்று ஆளாக, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து வந்தவர் எடை புரோகிராமை மட்டும் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் முந்தின நாள் வந்த ஒரு பெரிய லாரியின் எடை நின்றுகொண்டிருந்தது. காலி லாரிகளின் எடை வண்டி எண்ணோடு முன்பே பதிவாகி இருக்கும், லோடோடு ஒருமுறை நிறுத்தால் போதும். அதனால் வந்த லாரி எல்லாம் பெரிய லாரி ஆகிவிட்டது. அரை லோடும் முழு லோடுதான். கணினியையும் அவர் அணைக்காமலே போய்விட்டார்.

மறுநாள் மரகதம் வந்தபோது எடை புரோகிராம் திறந்தே இருந்ததால், வாட்ச்மேன் இல்லாதது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் லாரி ஏறியதுமே பார்த்துவிட்டாள். சிவப்பு ஒன்று சொல்கிறது, திரை வேறு சொல்கிறது. எடையைக் கையால் திருத்த வழி கிடையாது. ஆபரேட்டர் கை வைக்கவே முடியாது என்று சொல்லித்தான் சார் இந்த மென்பொருளையே விற்றார். எங்கள் ஆபீஸுக்கு போன் செய்தாள்.

நான் அப்போது அங்கேதான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். சார் எதிரில் பூந்தமல்லியிலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர், புது எடை மேடைக்கு விலை பேச வந்தவர், காபி குடித்துக்கொண்டிருந்தார். சார் போனை எடுத்தார். "சொல்லும்மா மரகதம்" என்றார். கேட்டார். எதிரில் இருந்தவரைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு சொன்னார்: "இல்லம்மா. அந்தப் பெட்டி பழசு, அது அப்படித்தான் தடுமாறும். கம்ப்யூட்டர் காட்டறதுதான் சரி. நீ பிரிண்ட் போடு."

வாட்ச்மேனைத் திற என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். விலை பேச வந்தவர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? என்ன வாட்ச்மேன் என்று அவர் கேட்டால்?

அரிசி ஆலைக்காரர் போனதும், "ஆவடியில என்ன சார் பிரச்னை?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல ராஜா, அப்புறமா போன் பண்ணி நானே சொல்லிடறேன். நீ பூந்தமல்லி ஆர்டரைப் பாரு" என்றார். புது ஆர்டர் வந்த சந்தோஷத்தில் ஆவடியை மறந்தே போனார். அவள் திரையை நம்பச் சொன்னவரை நம்பினாள். வரிசையில் நின்ற லாரிகளுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் மின்சாரம் போய்க் கணினி அணைந்து, அவள் எப்போதும்போல் முறையாகத் திறந்தபோது எல்லாம் தானே சரியாகிவிட்டது.

இருப்பு எடுத்தபோது இரும்புக் குவியல் சீட்டுகளோடு ஒத்துப்போகவில்லை. ஒரே எடை போட்ட சீட்டுகள் கட்டாகக் கிடைத்தன. மாற்று ஆள் அடித்தவையும் மரகதத்தின் கணக்கிலேயே சேர்ந்தன. ஆலையின் ஸ்டோர்ஸ் மேனேஜர், அவளுக்கு லாரிக்காரர்களோடு கூட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆதாரம் என்ன? முனுசாமி வாங்கிக் கொடுத்த டீ! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஒரு டீ கிளாசுக்குள் இருந்தது.

மரகதத்தை சஸ்பெண்ட் செய்து உள் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல். மரகதத்தின் பக்கம் தொழிற்சங்கத் தலைவர் ஏழுமலை. எங்கள் கம்பெனியிலிருந்து சாரையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டோவில் போகும்போது சார் மெதுவாகச் சொன்னார்: "வைரஸ்னு சொல்லிடு ராஜா. யாருக்கும் பாதகமில்ல."

"வைரஸ்னா அந்தப் பொண்ணை விட்டுடுவாங்களா சார்?"

"பார்த்துக்கலாம்."

நான் வைரஸ் என்று சொல்லவில்லை. வக்கீலையும் மேனேஜரையும் கண்ணாடி அறைக்கே அழைத்துப் போய், கணினியை அணைத்து, வாட்ச்மேன் இல்லாமல் எடை புரோகிராமை மட்டும் திறந்தேன். மேடையில் யாராவது ஏறுங்கள் என்றேன். ஏழுமலை ஏறினார். கனத்த உடம்பு. சிவப்பு எண் அசைந்து நின்றது. திரையில் காலையில் போன லாரியின் எடை.

"அண்ணாத்தே, நான் லாரியாயிட்டேன்பா!" என்று மேடையிலிருந்து கத்தினார் ஏழுமலை. வக்கீலே சிரித்துவிட்டார். பிறகு வாட்ச்மேனைத் திறந்து, மறுபடி ஆரம்பித்தேன். திரை ஏழுமலையை ஏழுமலையாகக் காட்டியது. இது காசு கொடுக்காத பிரதி, அதனால்தான் இப்படி என்று சார் முன்னாலேயே சொன்னேன். சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருட்டு இல்லை என்பது அந்த நிமிஷமே முடிந்துபோன விஷயம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் வக்கீல் நல்ல மனசோடுதான் கேட்டார்: "அப்ப மிஷின் கோளாறு. இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படித்தானேம்மா?"

ஏழுமலை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாற்காலி திரும்பி வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார். நானும் மனசுக்குள் சொல்லும்மா, சொல்லு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார்" என்றாள் மரகதம்.

ஏழுமலையின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"மொத லாரிக்கே தெரியும். செவப்புல ஒண்ணு, டிவில ஒண்ணு காட்டிக்கினு இருந்துச்சு. ஒடனே இவங்க ஆபீஸுக்கு போன் பண்ணி சொன்னேன். கம்ப்யூட்டர்தான் சரி, பிரிண்ட் போடுன்னு இந்த சார்தான் சொன்னாரு."

வக்கீல் சாரைப் பார்த்தார். சார் மிகவும் வருத்தத்தோடு, "அப்படி ஒரு போன் வந்ததா எனக்கு ஞாபகம் இல்லைங்க. பாவம், குழப்பத்துல சொல்றாங்க" என்றார்.

"வந்தது. நான் பக்கத்துல இருந்தேன். இவர் சொன்னதை என் காதால கேட்டேன்" என்றேன்.

அதோடு நியாயம் பிறந்துவிடும் என்று நினைத்தேன். ஸ்டோர்ஸ் மேனேஜர்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப தப்புன்னு தெரிஞ்சே சீட்டு அடிச்சிருக்கே. இல்லியா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"எடை மேடை விஷயம்னா என்கிட்ட வராதே, அவங்களையே கேட்டுக்கோன்னு நீங்கதானே சார் சொல்லி வெச்சீங்க?"

"கேக்கறதுக்கு பதில் சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

வக்கீல் எழுதினார். என்ன எழுதியிருப்பார் என்று அவர் பேனா நகர்ந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. சார் பக்கத்தில் குற்றம் நிரூபணமாகவில்லை; மென்பொருளைச் சரி செய்து தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். மரகதம் தெரிந்தே தவறான சீட்டுக் கொடுத்த ஊழியர். வேலை போயிற்று.

வாசலில் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். "யதார்த்தவாதி வெகுஜன விரோதின்னு சும்மாவா சொன்னான்? ஒரு பொய்கூட இல்லம்மா, ஒரு தலையாட்டல். அவ்ளோதான் கேட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே மரகதம்" என்றேன் நானும்.

அவள் அழுது முடித்திருந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னாண்ணா பேசறே? எதுர எரியற நம்பரைப் படிக்கத் தெரியாதவன்னு எழுதிக் குடுத்துட்டு, எந்த மூஞ்சோட அந்த சேர்ல போய் குந்துவேன்?"

அவள் அம்மா மகளின் சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு திரும்பி உள்ளே போனார். ஷிஃப்ட் முடிய நேரம் இருந்தது.

திரும்பும் வழியில் சார் பெப்பர்மின்ட் நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "நல்லவனா இரு ராஜா, வேணாங்கல. என் செலவுல இருக்காதே" என்றார். எனக்கு அங்கே நாள் முடிந்துவிட்டது என்று புரிந்தது. அதன் பிறகு கேமரா மாட்டினேன், யுபிஎஸ் பார்த்தேன், பூந்தமல்லியில் ஒரு கம்பெனியில் வயது முடியும்வரை இருந்தேன். மரகதம் வேப்பம்பட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள். ஒருமுறை ரயிலில் பார்த்தேன். ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறாளாம். கம்ப்யூட்டர் வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

ஆனால் சாரை விட்டு விலகும் முன் ஒரு கடைசி வேலை இருந்தது. ஆலை வற்புறுத்தியதால் சார் அந்த லைப்ரரியை ஒருவழியாகக் காசு கொடுத்து வாங்கினார். பொருத்த நான்தான் போனேன். எழுதும் மென்பொருளை அந்தக் கணினியிலிருந்து நீக்கினேன். வாங்கிய லைப்ரரியைப் போட்டுக் கட்டிய புதுப் புரோகிராமை ஏற்றினேன். சரி, சரி, முடிந்தது. மேஜையில் வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. இவ்வளவுதானா என்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியில் புதிதாக வேறொரு பெண் வந்திருந்தாள்.

லாரி ஏறியது. நான் திரையில் இருந்த எடையை உரக்கப் படித்துவிட்டு, சிவப்பு எண்ணுக்காகத் திரும்பினேன். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

"அதை என் ரூமுக்கு மாத்தியாச்சு" என்றார் பின்னால் நின்ற ஸ்டோர்ஸ் மேனேஜர். "ஆபரேட்டருக்கு எதுக்கு அது? ரெண்டு நம்பர் இருந்தாத்தானே ரெண்டு பேச்சு?"

புதுப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது சரியா காட்டுதான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"உனக்குத் தெரிய வேணாம்மா" என்றார் அவர், அன்பாகவே.

அவள் தலையை ஆட்டிவிட்டு பிரிண்ட் பொத்தானை அழுத்தினாள்.